எட்வர்டியன் கார்: வைத்துக்கொள்வதா, விற்பதா? விற்றால் எந்த வழியில்?

வடக்கு இங்கிலாந்தில் மருத்துவராக இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மனைவி அந்த ஊர்க்காரர். மாமனார் போன ஆண்டு காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போனவற்றில் 1911-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் செய்த கார் ஒன்றும் இருக்கிறது. "அண்ணா, ஒருத்தர் ஏலத்துக்கு விடச் சொல்கிறார், ஒருத்தர் டீலரிடம் கொடு என்கிறார், என் மனைவியோ விற்கவே கூடாது என்கிறாள். எதைச் செய்தாலும் ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள். இங்கே பழைய கார்ப் பட்டறையில் வேலை பார்ப்பதால் விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் நின்று பார்க்க எனக்கு வாய்த்திருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

எட்வர்டியன் என்ற பெயருக்குக் காரணமான பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு ஆண்டது 1901 முதல் 1910 வரைதான். கார்க்காரர்கள் கணக்கு வேறு. பிரிட்டனில் 1930-இல் தொடங்கிய வெட்டரன் கார் கிளப், 1904 டிசம்பர் வரை செய்த வண்டிகளை வெட்டரன் என்றும், 1905 முதல் 1918 வரை செய்தவற்றை எட்வர்டியன் என்றும் பிரித்திருக்கிறது. விலையைப் பற்றிய பேச்செல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும்.

## அரிய வண்டியா, கிராக்கி உள்ள வண்டியா?

விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "உலகத்திலேயே இது மாதிரி நாலு வண்டிதான் மிச்சம்" என்று சொன்னால் விலை தானாக ஏறும் என்று நினைக்கிறார்கள். ஏறாது.

ரோல்ஸ் ராய்ஸ் 40/50 குதிரைத்திறன் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் சில்வர் கோஸ்ட் என்று அழைப்பது இதைத்தான். 1906-லிருந்து 1926 வரை ஏழாயிரத்து எண்ணூற்றுக்கும் மேல் செய்தார்கள்; ஏராளமானவை இன்றும் ஓடுகின்றன. எண்ணிக்கையில் அரிது என்று சொல்லவே முடியாது. ஆனால் எந்தக் கண்டத்தில் விற்பனைக்கு வந்தாலும் கேட்க ஆள் இருக்கிறது. உதிரி பாகம் கிடைக்கிறது. அதற்கென்றே கிளப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சேஸியும், அதாவது வண்டியின் அடிச்சட்டமும், யாருக்கு, எந்தப் பாடியோடு போனது என்ற பழைய அட்டைகளை நார்த்தாம்ப்டன்ஷையரில் ஹண்ட் ஹவுஸ் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம் ஆர்கைல். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் 1906-இல் அரண்மனை போல முகப்பு வைத்துத் தொழிற்சாலை கட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் என்பது இன்னும் பரவலாகாத 1911 வாக்கிலேயே அதை வைத்துப் பார்த்தவர்கள். 1914-இல் கம்பெனி மூழ்கியது. இன்று ஓர் ஆர்கைல், சில்வர் கோஸ்ட்டைவிடப் பல மடங்கு அரிது. ஆனால் ஆர்கைல்தான் வேண்டும் என்று பணத்தோடு காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஏலக்கூடத்தில் விலை ஏற இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு ஒருவர்தான் வந்தார் என்றால் வண்டி எவ்வளவு அரிதாக இருந்தாலும் அடிமாட்டு விலைதான்.

சில்வர் கோஸ்ட்டுக்குச் சரியான வழி ஆர்கைலுக்குச் சரியாக இருக்காது. கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

என் கணக்கில் ஐந்து கேள்விகள். செலவெல்லாம் போகக் கைக்கு என்ன வரும்? எவ்வளவு காலம் ஆகும்? இந்த மாடலை வாங்கக்கூடியவர்கள் அந்த வழியில் கண்ணில் படுவார்களா? விற்ற பிறகு வழக்கு வம்பு வருமா? வண்டி கடைசியில் எந்த நிலைமைக்குப் போகும்? ஐந்தாவது சிலருக்குப் பொருட்டே இல்லை. நம் வாசகரின் மனைவிக்கு அதுதான் முதல் கேள்வி.

இவற்றுக்கும் முன்னால், எந்த வழியில் போனாலும் விலையை நிர்ணயிக்கிற மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, பிறந்த ஆண்டு. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நவம்பர் மாதம் நடக்கும் ஓட்டத்தில் 1905 ஜனவரி 1-க்கு முன் செய்த வண்டிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். அதனால் 1904 டிசம்பரில் முடித்த வண்டிக்கும் 1905 பிப்ரவரியில் முடித்த அதே மாதிரி வண்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி விழுகிறது. ஓட்டத்துக்குத் தகுதி இருப்பதற்காகவே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆண்டைத் தீர்மானிப்பது உரிமையாளரின் நம்பிக்கை அல்ல. வெட்டரன் கார் கிளப்பின் காலக்கணிப்புக் குழு சேஸி எண், இன்ஜின் எண், வார்ப்பின் அடையாளங்கள் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. நம் வாசகரின் 1911 வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் 1905, 1906 என்று சொல்லப்படும் வண்டி கையில் இருந்தால், விற்பதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். அமெரிக்காவில் இன்னொரு கோடு இருக்கிறது: ஹார்ஸ்லெஸ் கேரேஜ் கிளப்பின் பயணங்கள் 1916-க்கு முந்தைய வண்டிகளுக்கானவை. 1911 வண்டி அங்கே தாராளமாகப் போகலாம். அட்லாண்டிக்குக்கு அப்பால் வாங்குபவர் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பாடி. அந்தக் காலத்தில் கம்பெனி சேஸியை மட்டும் விற்கும். மேலே உட்காரும் பாடியைக் கோச் கட்டுபவர் தனியாகச் செய்து தருவார். கனமான மூடிய லிமோசின்களை நிறையப் பேர் பின்னாளில் கழற்றி எறிந்துவிட்டு லேசான திறந்த பாடி போட்டுக்கொண்டார்கள். அதனால் முதலில் பொருத்திய பாடி அப்படியே தப்பிப் பிழைத்த வண்டிக்குத் தனி மதிப்பு. பார்க்கர் நிறுவனம் பாடி கட்டிய 1912 சில்வர் கோஸ்ட் லிமோசின் ஒன்று, கார்கி என்ற பொம்மைக் கார் கம்பெனி அதை மாதிரியாக வைத்ததால் அதே பெயர் பெற்றது, 2012-இல் குட்வுட்டில் நடந்த போனம்ஸ் ஏலத்தில் 47 இலட்சத்து 5 ஆயிரத்து 500 பவுண்டுக்குப் போனது. பிறந்தபோது போட்ட உடுப்போடு நூறு ஆண்டு கழித்தும் நின்றதற்குத்தான் அந்தத் தொகையில் பெரும்பங்கு என்பேன்.

மூன்றாவது, காகிதம். பழைய பதிவுப் புத்தகம், பழைய ரசீதுகள், யார் யார் கைக்கு மாறியது என்பதற்கான கடிதங்கள், வாசலில் நிறுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பிரிட்டனில் பதிவு எண் கட்டாயமானது 1904 ஜனவரி 1 முதல். அன்று கொடுத்த எண் இன்றும் வண்டியோடு இருந்தால் நல்லது. இடையில் விட்டுப்போயிருந்தால் வி765 என்ற திட்டத்தின் கீழ் ஆதாரம் காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் அப்படிப் பெற்ற எண்ணை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. "நம்பரை மட்டும் தனியாக விற்றால் நல்ல காசு" என்று உறவினர் யாராவது கணக்குப் போட்டால் முதலில் இதைச் சரிபாருங்கள். எண்ணைப் பிரித்துவிட்டால் வண்டியின் வரலாற்றில் ஒரு துண்டு போய்விடும். வாங்குபவர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

இந்திய மகாராஜா வாங்கிய வண்டி என்று சொல்லிக்கொண்டு வரும் ரோல்ஸ் ராய்ஸ்களுக்கும் இதே விதிதான். உண்மையிலேயே நம் சமஸ்தானங்களுக்கு வந்தவை நிறைய. ஹைதராபாத் நிஜாமுக்காகச் செய்த சிம்மாசனக் கார் இன்றும் சௌமஹல்லா அரண்மனையில் இருக்கிறது. ஆனால் சேஸி அட்டையில் பெயர் இல்லாத மகாராஜாவுக்கு யாரும் ஒரு பவுண்டும் கூடுதலாகத் தர மாட்டார்கள்.

இனி வழிகள்.

## வைத்திருந்து ஓட்டுவது

பிரிட்டனில் இதற்கு அரசாங்கம் தடையாக இல்லை. நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, ஆனாலும் ஆண்டுதோறும் பதிந்தாக வேண்டும். ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. சாதாரண கார் லைசென்ஸ் போதும். எல்லாம் சரி. ஓட்டத் தெரிய வேண்டுமே!

ஒரு காலை நேரத்தை நினைத்துப்பாருங்கள். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரில் விரலால் தட்டிக் கொஞ்சம் வழிய விட வேண்டும். டாஷ்போர்டில் கண்ணாடிக் குழல்களில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் மேலுள்ள சிறு நெம்புகோலைப் பின்னால் இழுத்து, தீப்பொறி தாமதமாக விழும்படி வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு முன்னால் போய் ஹாண்டிலைச் சுற்றினால் இன்ஜின் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். அதனால்தான் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துப் பிடி, சுற்றி வளைக்காதே என்று முதல் நாளே சொல்லித் தருவோம். ஓடத் தொடங்கிய பிறகும் சுகம் இல்லை. பல வண்டிகளில் ஆக்சிலரேட்டர் நடுவில் இருக்கும். வலதில் இருப்பது பிரேக். அந்தக் கால்பிரேக்கும் பெரும்பாலும் கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள தண்டைத்தான் பிடிக்கும். உண்மையில் வண்டியை நிறுத்துவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிரேக், அதுவும் பின்சக்கரங்களை மட்டும். முன்னால் போகும் புதிய கார் சடாரென நின்றால் நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

செலவைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்வதில்லை. இன்ஷூரன்ஸ் பயப்படும் அளவுக்கு இல்லை. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிய பாலிசியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பணத்தைக் கரைப்பவை வேறு. ரிம்மின் மடிப்புக்குள் விளிம்பைச் செருகி, காற்றழுத்தத்தால் மட்டுமே பிடித்து நிற்கும் பழைய வகை டயர்கள்; ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகி வெடிக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் பவுண்டு. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுருள் ஈரம் குடித்தால் சூடேறியதும் பொறி நின்றுவிடும்; கழற்றித் திரும்பச் சுற்றக் கொடுக்க வேண்டும். மரச்சக்கரத்தின் ஆரங்கள் வறண்ட அறையில் சுருங்கி ஆடும். பேரிங்குகளுக்கு வெள்ளை உலோகம் ஊற்றிக் கடைவதற்குத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்பது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய குழாய்களுக்கும் மிதவைகளுக்கும் அது ஆகாது. விலை கூடிய சூப்பர் பெட்ரோல்தான் போட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. வீட்டில் ஒருவராவது கிரீஸ் படிந்த கையோடு சனிக்கிழமையைக் கழிக்க ஆசைப்படுபவர், பக்கத்தில் கிளப்காரர் ஒருவர் கற்றுத்தரத் தயார், ஈரமில்லாத கொட்டகை இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் இரண்டு இல்லையென்றால் என் வோட்டு விற்பதற்குத்தான். மாமனார் நினைவாக என்று நிறுத்திவைத்து, பத்து ஆண்டு கழித்துத் துருப்பிடித்த இன்ஜினோடு விற்கிற குடும்பங்களைத்தான் பட்டறையில் அதிகம் பார்க்கிறோம்.

## ஏலம்

பெரிய ஏலக் கம்பெனிக்கு உலகம் முழுவதும் வாடிக்கையாளர்கள். நல்ல படம், நல்ல விளக்கம், ஒரு தேதி. அந்த நாளில் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். வாரிசுகள் பலர் இருந்து, "நீ குறைச்சு வித்துட்டே" என்று நாளைக்கு ஒருவர் கேட்பார் என்ற பயம் இருந்தால் ஏலத்தைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. விலை ஊரறிய நிர்ணயமாகிறது. உயில் நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவர்கள் ஏலத்தை விரும்புவது இதனால்தான்.

ஆனால் செய்தியில் வரும் தொகை விற்றவர் கைக்கு வந்த தொகை அல்ல. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாங்குபவர் தன் மனதில் இரண்டு இலட்சம் பவுண்டு வரை போகலாம் என்று முடிவு செய்திருக்கிறார். வாங்குபவர் தர வேண்டிய கட்டணம் 15 சதவீதம், அதன்மேல் 20 சதவீத வாட் வரி என்று வையுங்கள். ஆக 18 சதவீதம். அவர் அதையும் சேர்த்துத்தான் கையைத் தூக்குவார். எனவே சுத்தியல் விழும் விலை ஏறக்குறைய 1,69,500 பவுண்டு. இதில் விற்பவரிடம் 10 சதவீதக் கமிஷன், அதற்கும் வாட். மொத்தம் 12 சதவீதம், 20,300 பவுண்டு போகிறது. கைக்கு வருவது 1,49,000 சொச்சம். வாங்கியவர் கொடுத்ததற்கும் நீங்கள் பெற்றதற்கும் இடையே ஐம்பதாயிரம் பவுண்டு. அட்டவணையில் படம் போடுவதற்கு, வண்டியை ஏற்றிப் போவதற்கு, ஏலம் வரை காப்பீட்டுக்கு என்று தனித்தனியாக வேறு வரும். விற்பவர் கமிஷன் கல்லில் எழுதியதல்ல. கேட்டால் குறைப்பார்கள், நல்ல வண்டியாக இருந்தால் முழுசாகவே விட்டுக்கொடுப்பதும் உண்டு. கேட்காதவர்களுக்குத்தான் முழுக் கமிஷன்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று நீங்கள் வைக்கும் ரிசர்வ் தொகையை ஏலக் கேட்பு எட்டவில்லை என்றால் வண்டி விலைபோகாமல் திரும்பி வரும். அது இணையத்தில் என்றைக்கும் இருக்கும். அடுத்த மாதம் நீங்கள் வேறு இடத்தில் விற்கப் போனால் வாங்குபவர் முதலில் கேட்பதே "ஏலத்தில் ஏன் போகவில்லை?" என்பதுதான். சில்வர் கோஸ்ட்டுக்கு இது அபூர்வம். ஆர்கைலுக்கு நடக்கக்கூடியதே. பேராசைப்பட்டு ரிசர்வை ஏற்றிவைப்பவர்களுக்கு எந்த வண்டியானாலும் நடக்கும். தொடக்க மதிப்பீட்டைக் குறைவாக வைத்தால் நான்கு பேர் கிட்டே வருவார்கள். அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு ரோஷம் வந்தால் போதும்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் அமீலியா தீவில் 1903 மெர்சிடிஸ் சிம்ப்ளெக்ஸ் 60 குதிரைத்திறன் வண்டி ஒன்று கட்டணம் உட்பட ஒரு கோடியே 21 இலட்சம் டாலருக்குப் போனது. பத்திரிகை முதலாளி ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த் புதிதாக வாங்கியது. அன்றிலிருந்து ஒரே குடும்பம். வெட்டரன் வயது, மதிப்புள்ள பெயர், அறுபடாத வரலாறு மூன்றும் சேர்ந்த வண்டி. அந்த மாதிரி வண்டிக்கு ஏலக்கூடம்தான் மேடை. அதை மனதில் வைத்துக்கொண்டு கொட்டகையிலுள்ள பெயர் தெரியாத வண்டிக்கு ஏலத்தேதி குறிக்காதீர்கள்.

## டீலரிடம் கமிஷனுக்கு விடுவது

இந்தக் காலத்து வண்டிகளை மட்டுமே விற்கும் டீலர்கள் இங்கிலாந்தில் சிலர் இருக்கிறார்கள். வண்டியைத் தங்கள் கடையில் வைத்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, வாடிக்கையாளர் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சொல்லி விற்பார்கள். ஏலத்தில் வாங்குபவருக்கு ஒரு மைல்கூட ஓட்டிப் பார்க்க வாய்ப்பில்லை, இங்கே உண்டு. அதனால் இயந்திரம் நன்றாக இருக்கும் வண்டிக்கு நியாயமான விலை கிடைக்கிறது.

காலம்தான் பிரச்சினை. ஒரு மாதத்திலும் போகலாம், ஒன்றரை ஆண்டும் நிற்கலாம். அதற்குள் செய்த பழுதுவேலைக்குப் பில் வரும். எவ்வளவு வரை செய்யலாம் என்று முதலிலேயே எழுதி வாங்காவிட்டால் சண்டை. "எனக்கு இவ்வளவு கொடுத்தால் போதும், மேலே வருவது உங்களுக்கு" என்ற ஏற்பாட்டைச் சிலர் முன்வைப்பார்கள். கேட்க எளிமையாக இருக்கும்; வண்டியின் மதிப்பு தெரியாதவர் அதற்குள் போகவே கூடாது. டீலர் கடை நொடித்துப்போனால் உங்கள் வண்டியும் அவருடைய சொத்தோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும். வண்டி உங்களுடையது, விற்ற பணம் தனிக் கணக்கில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வி5சி பதிவுச் சான்றிதழ் உரிமைப் பத்திரம் ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாமனார் வாங்கிய ரசீது, உயிலின் நகல் இவைதான் உரிமையைக் காட்டும். அசலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு, ஆள் வந்து பார்க்கும்போதெல்லாம் லீவு போட முடியாதவர்களுக்கு, வெளிநாட்டில் வாங்குபவர் கிடைக்கக்கூடிய பெரிய வண்டிகளுக்கு இந்த வழி ஏற்றது.

## கிளப் வழியாக நேரடி விற்பனை

கமிஷன் இல்லை. கிளப் இதழில் ஒரு விளம்பரம், நாலு பேருக்குத் தொலைபேசி. அரிதான, ஆனால் பரவலாகத் தெரியாத மாடலுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். காரணம் எளிது: ஆர்கைலை வாங்கக்கூடிய அந்தச் சில பேர் யார் என்று கிளப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடம் ஏற்கெனவே அதே கம்பெனியின் வண்டி பாதி பிரித்த நிலையில் கிடக்கும். உங்கள் கொட்டகை மூலையில் சாக்கில் கட்டிப்போட்ட பழைய கியர்ப்பெட்டிக்கு அவர் தனியாகப் பணம் தருவார். ஏலத்தில் அந்தச் சாக்கை யாரும் அவிழ்த்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். செப்டம்பரில் தெற்கு இங்கிலாந்தின் பியூலியில் நடக்கும் பழைய பாகச் சந்தைக்குப் போனால் இத்தகையவர்களை நேரிலேயே பார்த்துவிடலாம்.

இதிலுள்ள பள்ளம், நட்பு. "உங்க மாமனாரும் நானும் ஒண்ணா ஓட்டினவங்க, வண்டி நல்ல கைக்குப் போகணும்னு அவருக்கு ஆசை" என்று பேசி மதிப்பில் பாதிக்குக் கேட்பவர்கள் உண்டு. பாதிப் பேர் அதை உண்மையான பாசத்தோடுதான் சொல்கிறார்கள், விலையையும் உண்மையாகவே குறைவாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே யாரிடமும் பேசுவதற்கு முன் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பணம் கொடுத்து எழுத்தில் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். இன்னொன்று: தனிநபர் விற்றாலும் பொய்யான விவரம் சொல்லி விற்றால் வாங்கியவர் வழக்குப் போடலாம். பாடி முதலில் போட்டதுதானா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் "குடும்பத்தில் அப்படிச் சொல்வார்கள்" என்று மட்டும் எழுதுங்கள்.

## அருங்காட்சியகம்

கடனாகக் கொடுப்பது, தானமாகக் கொடுப்பது என்று இரண்டு. கடனாகக் கொடுத்தால் வாடகை எதிர்பார்க்காதீர்கள். இடமும் பராமரிப்பும்தான் இலாபம். ஹார்ம்ஸ்வொர்த் மெர்சிடிஸ் விற்பதற்கு முன் நெடுங்காலம் பியூலி தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில்தான் நின்றது. அது அதன் பெயருக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் நின்ற வண்டி நின்ற வண்டிதான். திரும்ப ஓட்ட நினைத்தால் முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் ஹாண்டிலில் கை வைக்கக் கூடாது.

தானம் என்றால் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமே. ஏற்கெனவே ஒன்று இருந்தால் மறுத்துவிடுவார்கள். கிளாஸ்கோவின் ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் ஆர்கைல் இருக்கிறது, இன்னொன்றுக்கு அவர்கள் ஏன் இடம் தேட வேண்டும்? கொடுத்த பிறகு அவர்கள் விற்கவும் கூடும், நிபந்தனையை எழுத்தில் பேசாவிட்டால். ஊரோடு சம்பந்தமுள்ள, அந்த ஊரில் வேறு இல்லாத வண்டிக்கு மட்டும் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைக்கு வருவது | காலம் | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| வைத்திருப்பது | ஒன்றுமில்லை, போய்க்கொண்டிருக்கும் | முடிவில்லை | டயர், மேக்னெட்டோ, உலர்ந்த இடம், கற்கும் நேரம் | ஓட்ட ஆசையுள்ளவர் வீட்டில் இருந்தால் |
| ஏலம் | வாங்குபவர் கொடுத்ததில் ஏறக்குறைய முக்கால் பங்கு | சில மாதம், தேதி நிச்சயம் | இருபக்கக் கமிஷன், விலைபோகாத கறை | பெயர்பெற்ற மாடல், பல வாரிசுகள் |
| டீலர் | ஏலத்தைவிடக் கூடலாம் | சொல்ல முடியாது | பழுதுவேலை பில், கடை நொடிக்கும் ஆபத்து | நேரமில்லாதவர், பெரிய வண்டி |
| கிளப், நேரடி | பேசி முடித்த விலை முழுதும் | சில வாரம் முதல் ஓராண்டு | உங்கள் வார இறுதிகள், நட்புப் பேரம் | அரிய, அதிகம் அறியப்படாத மாடல் |
| அருங்காட்சியகம் | இல்லை | நெடுங்காலம் | நின்றே கெடுதல் | ஊர்வரலாறு உள்ள வண்டி |

## வரியும் கடலும்

பிரிட்டனில் தனிநபரின் பயணக் காருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கியபோது ஆயிரம், விற்றபோது ஒரு இலட்சம் என்றாலும் இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் கதை வேறு. வாரிசு வரி மட்டும் உண்டு: சொத்தின் மொத்தத்தோடு காரின் மதிப்பும் சேரும், 3,25,000 பவுண்டுக்கு மேல் பொதுவாக 40 சதவீதம். மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு ஆறு மாதத்தில் இரண்டு மடங்குக்கு விற்றால் வரித்துறை கேள்வி கேட்கும். அது போக, உடனே விற்றாக வேண்டும் என்ற வரி நெருக்கடி எதுவும் கிடையாது. அவசரப்படுத்துகிறவர்கள் தங்கள் அவசரத்துக்காகத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் நாட்டை விட்டுப் போக ஏற்றுமதி உரிமம் வேண்டும். ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து வழியாக விண்ணப்பம். அமெரிக்கக்காரர் வாங்கினால் உரிமம் யார் பொறுப்பு, அதுவரை பணம் எங்கே இருக்கும் என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.

## விற்பதற்கு முன் செய்யக் கூடாதவை

பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய தோல் இருக்கையைப் பிரிக்காதீர்கள். மாற்றாமல் விட்ட பழைய பூச்சு, வெடித்துப்போயிருந்தாலும், புதிய பளபளப்பைவிட இன்று அதிகம் மதிக்கப்படுகிறது. பித்தளையைப் பளிச்சென்று தேய்க்கும் ஆர்வக்கோளாறு வேறு: விளக்கின் மேல் செய்தவர் பெயரும், கதவடியில் கோச் கட்டியவரின் சிறு தகடும் ஆண்டுக்கணக்கில் தேய்த்ததால் வழுவழுவென்று எழுத்தில்லாமல் போன வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் மேக்னெட்டோவுக்கும் டயருக்கும் செய்யுங்கள். வந்தவர் கண்முன்னால் வண்டி ஓடினால் பேரம் பேசும் குரல் மாறும்.

## நம் வாசகருக்கு

உங்கள் வண்டி ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் ஒரு சிறு வட்டத்துக்கும் மட்டுமே தெரிந்த கம்பெனியுடையது. ஏலம் முதல் வழி அல்ல. முதலில் எழுத்தில் மதிப்பீடு, மாமனாரின் மேசை இழுப்பறைகளை முழுதும் கொட்டிக் காகிதம் தேடுதல், பிறகு கிளப். ஓராண்டு அங்கே முயன்றும் சரியான ஆள் வராவிட்டால் டீலர். ஏலம் கடைசி, அதுவும் இந்தக் காலத்து வண்டிகள் பல சேர்ந்து வரும் ஏலமாகப் பார்த்து, ரிசர்வை அடக்கமாக வைத்து. உங்கள் மனைவி விற்கக் கூடாது என்பதற்குக் காரணம் வண்டியா, அப்பாவா என்று அவரிடமே கேளுங்கள். வண்டிதான் என்றால் ஹாண்டில் சுற்றக் கற்றுத்தர நானே வருகிறேன். அப்பாதான் என்றால், வாங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சம்மதிப்பாரா என்று பேசிப் பார்க்கலாம். கிளப்பில் விற்கும்போது இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பவர்கள் கிடைப்பார்கள்.

எதை முடிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இன்ஜினில் சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. உறைபனி விழும் இரவில் உள்ளே தண்ணீர் இருந்தால் நீர்ச்சுவர் பிளக்கும், புதிதாக வார்த்தெடுக்கத்தான் வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, வடித்தாயிற்று என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள்.